ருடோல்ஃப் டீசல்

ருடோல்ஃப் கிறிஸ்டியன் கார்ல் டீசல் (மார்ச் 18, 1858 - செப்டம்பர் 29, 1913) ஜெர்மானியப் பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். காற்றை மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாக்கி, அதனால் எழும் வெப்பத்தைக் கொண்டே எரிபொருளைப் பற்றவைக்கும் உள்ளெரி எந்திரத்தை உருவாக்கியவர் இவரே. பேருந்து, லாரி எனப்படும் சரக்குந்து, கப்பல், தொடர்வண்டி, மின்னாக்கி எனப் பளுவான வேலை உள்ள இடங்களில் எல்லாம் இவ்வகை எந்திரம் பரவியது. எந்திரத்துக்கு மட்டுமன்றி அதில் எரியும் எண்ணெய்க்கும் இவர் பெயரே நிலைத்துவிட்டது. டீசல் என்றதும் எண்ணெய் நிரப்பும் நிலையமே நம் நினைவுக்கு வருகிறது. அது ஒரு மனிதரின் குடும்பப்பெயர் என்பது பலரும் அறியாதது.

டீசலின் வாழ்க்கையை ஓர் எண்ணின் கதையாகவும் படிக்கலாம். அவர் தாளில் முதலில் எழுதிய அழுத்தம் 250 வளிமண்டலம். அக்காலத்து உலோகமும் பட்டறைத் திறனும் அதைத் தாங்கும் நிலையில் இல்லை. எண்ணைக் குறைத்தபின்தான் எந்திரம் ஓடியது. நீண்டநாள் உழைக்கும் கனரக வண்டி எந்திரங்களுக்கு ஏற்ற உலோகங்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை.

இளமைக் காலம்

டீசல் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை தியோடோர் டீசல், ஆக்ஸ்பூர்க் நகரிலிருந்து குடியேறிய புத்தகக் கட்டுநர்; பாரிசில் தோல் பொருட்கள் செய்து விற்றுவந்தார். தாய் எலிசே. 1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் புருசியாவுக்கும் போர் மூண்டபோது, ஜெர்மானியர் என்பதால் இக்குடும்பம் பாரிசை விட்டு வெளியேறி இலண்டனுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே வருவாய் போதவில்லை. பன்னிரண்டு வயதான ருடோல்ஃப், ஆக்ஸ்பூர்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவர் கிறிஸ்டோஃப் பார்னிக்கல் தொழிற்பள்ளியில் கணித ஆசிரியர். பதினான்காம் வயதிலேயே, தான் பொறியாளராக விரும்புவதாக டீசல் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார்.

1873இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். விரைவில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். எனினும், 1875இல் கிடைத்த உதவித்தொகையைக் கொண்டு அவர் மியூனிக் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

லிண்டேயின் மாணவர்

மியூனிக்கில் டீசலுக்கு வாய்த்த ஆசிரியர், குளிரூட்டும் எந்திரத்துக்குப் புகழ்பெற்ற கார்ல் ஃபொன் லிண்டே. நீராவி எந்திரம் தான் உண்ணும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சரிவர வேலையாக மாற்றுவதில்லை என்பதை லிண்டேயின் வகுப்பில் அவர் கற்றார். பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ வகுத்த கோட்பாட்டின்படி எவ்வளவு கிடைக்கக்கூடும் என்பதையும் அங்கேயே அறிந்தார். இவ்விரண்டுக்கும் இடையிலான பெரிய வெற்றிடம் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

குடற்காய்ச்சலால் 1879ஆம் ஆண்டுத் தேர்வை எழுத முடியாமல் போனது. காத்திருந்த காலத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலுள்ள சுல்சர் தொழிற்சாலையில் பட்டறைப் பயிற்சி பெற்றார். 1880 சனவரியில் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றபின், லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலைப் பணிக்காகப் பாரிஸ் சென்றார். 1883இல் மார்த்தா ஃப்ளாஷே என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள். 1890இல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. இந்த ஆண்டுகளில் நீராவிக்கு மாற்றாக அம்மோனியா ஆவியில் ஓடும் எந்திரம் ஒன்றை உருவாக்கப் பெரிதும் முயன்றார். அது பயன் தரவில்லை. ஆயினும் உயர் அழுத்தத்தைக் கையாளும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது எனலாம்.

கருத்தும் காப்புரிமையும்

மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடேறுவதை நாம் கண்டிருக்கிறோம். காற்றை அமுக்கினால் வெப்பநிலை உயரும். போதிய அளவு அமுக்கினால் தீப்பொறி எதுவும் இன்றியே எரிபொருள் பற்றிக்கொள்ளும். இதுவே டீசல் கருத்தின் அடிப்படை. எரிபொருளையும் காற்றையும் முதலிலேயே கலந்து அமுக்கினால் வேண்டாத நேரத்தில் வெடித்துவிடும் என்பதால், காற்றை மட்டும் அமுக்கி இறுதிக் கணத்தில் எரிபொருளைச் செலுத்த வேண்டும் என்றார்.

இதற்கான ஜெர்மானியக் காப்புரிமை (எண் 67207) பிப்ரவரி 1892 முதல் செல்லுபடியாகும்படி 1893இல் வழங்கப்பட்டது. அதே ஆண்டு தன் கோட்பாட்டை நூலாகவும் வெளியிட்டார். அவரது தொடக்கக் கணக்கில் அழுத்தம் 250 வளிமண்டலம். வெப்பநிலை 800 பாகை செல்சியசு. வெப்பநிலை மாறாமலே எரிபொருள் எரிய வேண்டும் என்றும், அப்போது வெப்பத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாறும் என்றும் எதிர்பார்த்தார்.

இங்கே சற்று நின்று கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. பின்னர் கட்டப்பட்ட முதல் எந்திரத்தின் சிலிண்டர் எனப்படும் உருளையின் உள்விட்டம் 150 மி.மீ. அதன் குறுக்குப் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. 250 வளிமண்டல அழுத்தம் அப்பரப்பில் ஏறத்தாழ 45 டன் எடைக்குச் சமமான விசையாகும். அந்த விசை முதலில் பிஸ்டன் மீதும், அதிலிருந்து இணைப்புத் தண்டு வழியாக வணரித் தண்டு எனப்படும் கிராங்க் ஷாஃப்ட் மீதும், அதைத் தாங்கும் பேரிங்குகள் மீதும் இரு சுற்றுக்கு ஒருமுறை சம்மட்டி அடியாக இறங்கும். 1890களின் பட்டறையில் இருந்தவை சாம்பல் வார்ப்பிரும்பு, தேனிரும்பு, சாதாரணக் கரிம எஃகு, வெண்கலம், வெள்ளீயக் கலவையாலான பேரிங் உலோகம் ஆகியவையே. சாம்பல் வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசையில் முன்னறிவிப்பின்றி விரிசல் விடும். உள்ளிருந்து அழுத்தப்படும் உருளையின் சுவர் படுவதோ இழுவிசை.

ஆக்ஸ்பூர்க் எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் ஃபொன் பூட்ஸ் முதலில் டீசலின் வேண்டுகோளை மறுத்தார். அழுத்தத்தை 44 வளிமண்டலமாகக் குறைத்து டீசல் மீண்டும் எழுதிய பிறகே உடன்பட்டார். இதை வெறும் விட்டுக்கொடுத்தல் என்று கொள்ளலாகாது. அழுத்தம் கூடக்கூட உராய்வுக்கும் காற்றை அமுக்குவதற்கும் செலவாகும் வேலை, கிடைக்கும் வேலையை விழுங்கிவிடும் என்பதை டீசலும் உணரத் தொடங்கியிருந்தார். 1893இல் எஸ்சென் நகரின் க்ருப் எஃகு நிறுவனமும் திட்டத்தில் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டது. டீசலுக்கு ஆண்டுக்கு 30,000 மார்க் ஊதியமும் அளித்தது.

ஆக்ஸ்பூர்க் சோதனைகள்

முதல் எந்திரம் மூன்று மீட்டர் உயரம் கொண்டது. வெப்பநிலை மாறாமல் எரிதல் என்ற கோட்பாட்டை நம்பியதால், தொடக்கத்தில் உருளையைச் சுற்றி நீர்க்குளிர்ப்பு உறைகூட வைக்கப்படவில்லை. முதலில் அமுக்கிப் பார்த்தபோது காற்று பிஸ்டன் பக்கமாகக் கசிந்து, எதிர்பார்த்த 44க்குப் பதிலாகச் சுமார் 18 வளிமண்டலமே கிடைத்தது. இரு உலோகப் பரப்புகள் உரசிக்கொண்டே காற்றை அடைத்து நிற்க வேண்டும் என்பது எவ்வளவு கடினம் என்பதை இந்த ஓர் எண்ணே காட்டும். கசிவை ஓரளவு சரிசெய்தபின், ஆகஸ்டு 10, 1893 அன்று எரிபொருள் செலுத்தப்பட்டது. பற்றிக்கொண்டது, ஆனால் அழுத்தம் 80 வளிமண்டலம் அளவுக்குத் துள்ளி, மேலே பொருத்தப்பட்டிருந்த அழுத்தமானி வெடித்துச் சிதறியது. அருகில் நின்ற டீசல் உயிர்தப்பினார். எந்திரம் தானாக ஓடவில்லை எனினும், தீப்பொறியின்றிப் பற்றவைக்க இயலும் என்பது உறுதியாயிற்று.

அடுத்த நான்காண்டுகள் பொறுமையின் ஆண்டுகள். கோட்பாட்டின் சில பகுதிகளை டீசல் கைவிட வேண்டியிருந்தது. வெப்பநிலை மாறா எரிதலை விடுத்து, அழுத்தம் மாறாமல் எரியும் முறைக்கு மாறினார். அதற்குத் தனிக் காப்புரிமையும் பெற்றார். உருளைக்கு நீருறை வந்தது. எரிபொருளை நுண்துளிகளாகச் சிதறடிக்க, தனி அமுக்கியில் அமுக்கப்பட்ட காற்று பயன்படுத்தப்பட்டது. பிப்ரவரி 17, 1894 அன்று எந்திரம் முதன்முறையாகத் தன் ஆற்றலிலேயே ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடியது.

சரியாக மூன்றாண்டுகள் கழித்து, பிப்ரவரி 17, 1897 அன்று, பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் புதிய எந்திரத்தை முறைப்படி சோதித்தார். உருளை விட்டம் 250 மி.மீ, நிமிடத்துக்கு 154 சுற்றுகள், திறன் 17.8 குதிரைத்திறன், பயனுறுதிறன் 26.2 விழுக்காடு. அக்காலத்து எந்த வெப்ப எந்திரமும் இதை நெருங்கவில்லை. எந்திரத்தின் எடை மட்டும் நாலரை டன் அளவில் இருந்தது. அதாவது ஒரு குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய 250 கிலோ இரும்பு. உலோகத்தின் வலுவின்மையை அதன் பருமனால் ஈடுசெய்ததன் விளைவு இது.

புகழும் வழக்குகளும்

1897 சூன் மாதம் காசெல் நகரில் ஜெர்மானியப் பொறியாளர் சங்கத்தில் டீசல் ஆற்றிய உரைக்குப் பின் உரிமங்கள் விரைந்து விற்பனையாயின. அமெரிக்க உரிமையை மதுவடிப்பாலை உரிமையாளர் அடால்ஃபஸ் புஷ் பத்து இலட்சம் மார்க்குக்கு வாங்கினார். டீசல் செல்வந்தரானார், மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனால் சோதனை மேடையில் ஓடிய எந்திரம் வேறு, வாங்கியவரின் ஆலையில் நாள்தோறும் ஓட வேண்டிய எந்திரம் வேறு. 1898இல் கெம்ப்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குக் கொடுக்கப்பட்ட 60 குதிரைத்திறன் எந்திரம் தொடக்கத்தில் ஓயாத தொல்லை தந்தது. இக்குறைகளைக் களைந்து நம்பகமான எந்திரமாக்கியதில் ஆக்ஸ்பூர்க் பொறியாளர் இமானுவேல் லௌஸ்டரின் பங்கு பெரிது. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய புகழ் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஓடும் எந்திரம் காப்புரிமையில் சொன்னதிலிருந்து மாறுபட்டிருந்ததால் எதிர்ப்பாளருக்கு வாய்ப்புக் கிடைத்தது. எமில் கேப்பிட்டேன் வழக்குத் தொடுத்தார். பிரித்தானியாவின் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டுவர்ட் 1890களின் தொடக்கத்திலேயே சூடான குமிழால் பற்றவைக்கும் எந்திரத்தை உருவாக்கியிருந்தார் என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. அது உண்மையே, எனினும் அதன் அமுக்க அழுத்தம் குறைவு, பற்றவைத்தது சூடான உலோகமே. 1898 அளவில் டீசல் நரம்புத் தளர்ச்சியால் நோயுற்றார். நிலம் வாங்கி விற்பதிலும், கலீசியா எண்ணெய் வயல்களிலும் இட்ட பணம் கரைந்தது. இதற்கிடையே சமூகச் சீர்திருத்தம் பற்றி 1903இல் ஒரு நூல் எழுதினார். வாங்குவோர் மிகச் சிலரே.

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் எந்திரம் முதற்பரிசு பெற்றது. அங்கே ஓர் எந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக்காட்டப்பட்டது. 1903இல் வால்கா ஆற்றில் ஓடிய வண்டால் என்ற எண்ணெய்க் கப்பலில் டீசல் எந்திரங்கள் பொருத்தப்பட்டன. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா பெருங்கடலில் ஓடியது. கப்பலுக்கு எடை பெரும் சுமையன்று.

வண்டிக்குள் ஏறாத எந்திரம்

சாலையில் ஓடும் வண்டியே டீசலின் நெடுநாள் ஆசை. 1908 வாக்கில் சூரிச்சில் ஒரு நிறுவனத்துடன் சேர்ந்து சரக்குந்துக்கான சிறிய எந்திரம் செய்து பார்த்தார். அது உற்பத்திக்கு வரவில்லை. எரிபொருளைத் தெளிக்கும் காற்றமுக்கியே பெருந்தடை. அதன் எடையும் பழுதும் சிறிய வண்டிக்கு ஒத்துவரவில்லை. வேகமாகச் சுழலும் சிறிய எந்திரத்தில் நகரும் உறுப்புகள் இலேசாகவும் இருக்க வேண்டும், முறியாமலும் இருக்க வேண்டும். பருமனைக் கூட்டி வலுவைப் பெறும் பழைய வழி அங்கே செல்லாது. சுல்சர் நிறுவனத்துடன் உருவாக்கிய, சுமார் 1,000 குதிரைத்திறன் கொண்ட தொடர்வண்டி எந்திரம் 1912இல் சோதனைக்கு வந்தது. அதுவும் பழுதுகளால் நெடுநாள் பணியில் நீடிக்கவில்லை. அடிப்படைக் காப்புரிமையின் காலமும் 1908க்குள் முடிந்துவிட்டது.

இறுதிப் பயணம்

செப்டம்பர் 29, 1913 அன்று மாலை டீசல் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து டிரெஸ்டன் என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். நண்பர்களுடன் இரவு உணவு உண்டு, மறுநாள் காலை 6.15க்கு எழுப்பும்படி சொல்லிவிட்டுப் பத்து மணியளவில் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது. படுக்கையில் படுத்த அடையாளமில்லை. அவரது தொப்பியும் மேலங்கியும் கப்பல் தளத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பத்து நாட்கள் கழித்து டச்சுக் கப்பல் ஒன்று கடலில் மிதந்த உடலைக் கண்டது. உடலில் இருந்த சிறு பொருட்களை எடுத்துக்கொண்டு, மாலுமிகள் உடலைக் கடலிலேயே விட்டுவிட்டனர். அப்பொருட்கள் தந்தையுடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் கூறினார்.

புறப்படுமுன் டீசல் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்தே திறக்கும்படி கூறியிருந்தார். அதில் ரொக்கப் பணமும், வங்கிக் கணக்குகள் வெறுமையாகிவிட்டதைக் காட்டும் தாள்களும் இருந்தன. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இதனைத் தற்கொலை எனவே கருதுகின்றனர். ஒற்றர்கள் கொன்றனர், எண்ணெய் முதலாளிகள் கொன்றனர் என்ற கதைகளுக்குச் சான்றில்லை.

மறைவுக்குப் பின்: கனரக வண்டியும் உலோகங்களும்

டீசல் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் எந்திரம் சாலைக்கு வந்தது. பென்ஸ் நிறுவனம் ப்ராஸ்பர் லோராஞ்சின் முன்னறை முறையைப் பயன்படுத்தி 1923இல் டீசல் சரக்குந்தைச் செய்தது. ஆக்ஸ்பூர்க் நிறுவனத்தின் வழிவந்த எம்.ஏ.என். 1924இல், எரிபொருளை நேரடியாக உருளைக்குள் செலுத்தும் சரக்குந்தைக் காட்டியது. 1927இல் பாஷ் நிறுவனத்தின் பம்பு பேரளவு உற்பத்திக்கு வர, காற்றமுக்கி வண்டிகளில் தேவையற்றதாயிற்று.

பத்து இலட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய ஒரு சரக்குந்து மணிக்குச் சராசரி 60 கி.மீ. வேகத்தில் செல்வதாகவும், எந்திரம் நிமிடத்துக்கு 1,400 முறை சுழல்வதாகவும் கொண்டால், ஒவ்வோர் உருளையிலும் ஏறத்தாழ 70 கோடி முறை எரிபொருள் எரியும். ஒருமுறை தாங்கும் உலோகம் போதாது. 70 கோடி முறை தாங்க வேண்டும். வலிமையான உலோகமும் திரும்பத் திரும்ப அடிபடும்போது, அதன் வலிமைக்கு மிகக் குறைந்த விசையிலேயே முறியும். கனரக எந்திரத்துக்கு உலோகம் தெரிவதென்பது பெரும்பாலும் இந்தச் சோர்வு முறிவைத் தள்ளிப்போடும் கலையாகும்.

எந்திர உடலுக்கு, டீசல் கையாண்ட அதே சாம்பல் வார்ப்பிரும்பே நெடுங்காலம் நிலைத்தது. அதனுள் செதில் செதிலாகப் பரவியுள்ள கிராஃபைட்டு அதிர்வை விழுங்குகிறது. உரசும் இடத்தில் மசகாகவும் உதவுகிறது. வார்ப்பதும் கடைவதும் எளிது. அதே செதில்களின் கூர்முனையில்தான் விரிசலும் தொடங்குகிறது என்பது அதன் குறை. 1943இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ், உருகிய இரும்பில் சிறிது மக்னீசியம் சேர்த்து, கிராஃபைட்டு செதிலாக அன்றி உருண்டையாக அமையக் கண்டார். இது மிகுந்த வலுவுடையது. ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் பின்தங்கியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, கிராஃபைட்டு புழு வடிவில் அமையும் வார்ப்பிரும்பு. சாம்பல் வார்ப்பிரும்பைவிட இதன் இழுவலிமை முக்கால் பங்கு அளவுக்குக் கூடுதல். மக்னீசியத்தின் அளவு மிகச் சிறிது பிசகினாலும் இவ்வமைப்பு கெட்டுவிடும் என்பதால், உலைக்கூடத்தில் நுட்பமான கட்டுப்பாடு வந்த பிறகே, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான், இது பேரளவில் எந்திர உடல்களுக்குப் பயன்படத் தொடங்கியது.

பிஸ்டனின் கதை வளைந்து செல்வது. வார்ப்பிரும்புப் பிஸ்டன் கனமானது, வேகத்துக்கு ஒவ்வாது. அலுமினியம் இலேசானது, வெப்பத்தை விரைந்து கடத்துவது. எனவே சரக்குந்துகளிலும் அதுவே பரவியது. ஆனால் 250, 300 பாகைக்கு மேல் அது வலுவிழக்கும். சூட்டில் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆகவே சிலிக்கான் கலந்து விரிவைக் குறைத்தனர். மேல் வளையம் அமரும் பள்ளம் விரைவில் தேய்ந்ததால் அவ்விடத்தில் நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையத்தைப் பதித்தனர். அழுத்தம் மேலும் ஏற, இக்காலக் கனரக எந்திரங்கள் பலவற்றில் அடித்து உருவாக்கிய எஃகுப் பிஸ்டனுக்கே மாறிவிட்டனர். எஃகு வலுவானது என்பதால் பிஸ்டனைக் குட்டையாகவும் சுவரை மெல்லியதாகவும் செய்யலாம். எடை பெரிதும் கூடுவதில்லை. அதன் வெப்பக் கடத்தல் குறைவென்பதால், அடியிலிருந்து எண்ணெயைப் பீய்ச்சிக் குளிர்விக்க வேண்டும்.

வணரித் தண்டுக்குக் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகையோ, சிறிதளவு வனேடியம் சேர்ந்த எஃகையோ அடித்து உருவாக்கி, சுழலும் பரப்பை மட்டும் மின்தூண்டலால் சூடாக்கிக் கடினப்படுத்துகின்றனர். வெளித்தோல் தேயாது; உட்பகுதி முறியாது. அதைத் தாங்கும் பேரிங்கிலோ வேண்டுமென்றே மென்மையான உலோகம் இடப்படுகிறது. வெள்ளீயம், ஆண்ட்டிமனி, செம்பு சேர்ந்த கலவையை ஐசக் பாபிட் 1839இலேயே செய்திருந்தார். எண்ணெயில் வரும் துகள் இம்மென்மையில் புதைந்துவிட, விலைமிகுந்த தண்டு கீறலின்றித் தப்புகிறது. டீசல் எந்திரத்தின் கூடிய சுமையில் இது பிதுங்கியதால், எஃகுப் பட்டையின் மேல் செம்பும் காரீயமும் கலந்த படலம், அதன் மேல் மிக மெல்லிய மென்படலம் என அடுக்கடுக்காக அமைக்க நேர்ந்தது. பட்டறையில் பேரிங் மாற்றினால் போதும், தண்டை மாற்ற வேண்டியதில்லை என்பதன் பின்னால் இருப்பது இந்தத் தெரிவே.

சிவக்கச் சூடேறும் வெளியேற்றும் வால்வுக்குக் குரோமியம், நிக்கல், மாங்கனீசு மிகுந்த எஃகு; அது அமரும் விளிம்பில் கோபால்ட்டுக் கலவைப் பூச்சு. நிக்கலும் குரோமியமும் மிகுந்த துருவா எஃகுக்கு 1912இல் காப்புரிமை கோரியது, டீசலுக்கு உதவிய அதே க்ருப் நிறுவனம்தான்.

இன்றைய கனரகச் சரக்குந்து எந்திரங்களில் எரிதலின் உச்ச அழுத்தம் 200 பாரைக் கடந்து, சிலவற்றில் 250 பாரை எட்டுகிறது. டீசல் 250 என எழுதியது காற்றை அமுக்கும் அழுத்தத்தை. இது எரிதலின் உச்சம். எனவே இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் உலோகம் தாங்க வேண்டிய சுமை என்ற அளவில், அவர் கேட்டது கிடைத்திருக்கிறது. பயனுறுதிறன் 45 விழுக்காட்டைத் தாண்டியுள்ளது. அவர் எதிர்பார்த்த 70 எட்டப்படவில்லை.

1897இல் ஷ்ரோட்டர் சோதித்த எந்திரம் மியூனிக் நகரிலுள்ள ஜெர்மன் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.